தவ்பாவின் நான்காவது நிபந்தனை



ஹிஜ்ரி 1446-இன் ரமளானும் கிறிஸ்தவப் பெருமக்களின் தவக்காலமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்ததை உங்களில் பலர் கவனித்திருக்கக்கூடும். 2025 மார்ச் 2-ஆம் தேதி நாம் முதல் நோன்பு நோற்றோம். மூன்று நாள் கழித்துப் புதன்கிழமையன்று நம் அண்டை வீட்டு அண்ணாச்சி நெற்றியில் சாம்பல் குறியுடன் கோவிலிலிருந்து திரும்பினார். அன்று அவர்களுக்குத் திருநீற்றுப் புதன். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நோன்பு, இந்தப் பக்கம் ஒரு நோன்பு.

நாம் பிறந்த ஊர் வேறு. மதரஸாவில் ஓதி முடித்து, இஸ்லாமியக் கல்வியில் டிப்ளமோவும் பெற்று, 2008 முதல் புதியம்புத்தூரில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். இந்த ஊரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஓட்டப்பிடாரம் வட்டத்துக் கரிசல் காட்டு ஊர். வானம் பார்த்த பூமி. ஐப்பசியில் மழை பெய்தால் உளுந்தும் பாசியும் கம்பும் உண்டு, பெய்யாவிட்டால் வேலிக்கருவைதான். ஆகையால் ஊர் தையல் மெஷினை நம்பிக்கொண்டது. குழந்தைகள் கவுனும் சட்டையும் தைத்து அனுப்புகிற ரெடிமேடு தொழில்தான் இங்கே விவசாயம். தெருவில் நடந்தால் ஓதும் சத்தத்தைவிட மெஷின் சத்தமே அதிகம் கேட்கும். அண்ணாச்சியும் கட்டிங் மாஸ்டர்தான். கத்தோலிக்கர். ஆண்டுதோறும் ஆகஸ்டு 15 அன்று கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருவிழாவிற்குத் தவறாமல் போய்வருபவர். நமக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சும் நாள்களில் ஒரு தூக்கு அவர் வீட்டிற்கும் போகும்.

ரமளானின் நடுப் பத்தில் ஒரு மாலை, கஞ்சித் தூக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் திண்ணையில் அமர்ந்தார். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்ததாகச் சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன்பு சொந்தமாகத் துணி வாங்கி, வீட்டிலிருந்து தைக்கும் பெண்களுக்குக் கொடுத்து வாங்கிய காலத்தில், ஒரு தீபாவளி நெருக்கடியில் ஒரு பெண் தைத்துக் கொடுத்த 22 டஜனை 20 டஜன் என்று எழுதிக் கூலி கொடுத்துவிட்டாராம். அது உறுத்திக்கொண்டே இருந்ததாம்.

"சாமியார்ட்ட சொன்னேன் பாய். ஜெபம் சொல்லச் சொன்னாரு. அதோட, அந்தப் பிள்ளை கூலிய முதல்ல கொண்டு போய்க் குடுன்னுட்டாரு."

"கொடுத்துவிட்டீர்களா அண்ணாச்சி?"

"குடுத்தேன். வாங்கிக்கிட்டு அது சொல்லுது, ரெண்டு டஜன் குறைஞ்சது எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சின்னு."

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர் இயல்பாகத்தான் கேட்டார்: "உங்கள்ல இதுக்கெல்லாம் யார்ட்ட போய்ச் சொல்லுவீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுவது ஆலிம்களுக்கு மிகவும் பிடித்தமான காரியம். எங்கள் மார்க்கத்தில் இடைத்தரகர் இல்லை. அடியான் நேராக அல்லாஹ்விடம் கையேந்துகிறான். ஆதமுடைய தவறு அவரோடு தீர்ந்தது, அது மக்கள் தலையில் ஜென்மப் பாவமாக இறங்குவதில்லை. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதுமில்லை. இரவின் கடைசிப் பகுதியில் எழுந்து அழுதால் போதும், வாசல் திறந்தே இருக்கிறது என்று சொன்னோம். சற்றுப் பெருமையாகவே சொன்னோம். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி பாய், ஆண்டவருக்குச் செஞ்சதுக்கு. அடுத்த மனுஷனுக்குச் செஞ்சதுக்கு?" என்றார்.

பாங்கு சொல்ல நேரமாகிவிட்டது என்று எழுந்தோம். உண்மையில் இன்னும் கால்மணி நேரம் இருந்தது.

*

அவர் கேட்டதற்குப் பதில் தெரியாதவர்கள் அல்லர் நாம். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் தவ்பாவைப் பற்றிய பாடத்தின் தொடக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். பாவத்தை விட்டு விலகுவது, செய்ததற்காக மனம் வருந்துவது, இனி ஒருபோதும் அதன்பால் திரும்புவதில்லை என உறுதி கொள்வது ஆகிய மூன்றும் அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலுள்ள பாவத்திற்கு. சக மனிதனின் ஹக்கு அதில் கலந்திருந்தால் நான்காவது ஒன்று சேர்கிறது: உரியவரிடம் அதைத் தீர்த்துவிட வேண்டும். பொருளானால் திருப்பிக் கொடுக்க வேண்டும். பழி சுமத்தியிருந்தால் அவரிடம் போய் நிற்க வேண்டும். இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் பெரிய பிள்ளைகளுக்கு நடத்துகிறோம். விரல்விட்டு எண்ணச் சொல்லி மனப்பாடம் செய்விக்கிறோம். நான்காவது விரலுக்கு வரும்போதெல்லாம் நம் குரல் சற்று வேகமாகிவிடும். பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

2012 பங்குனியில், பிள்ளைகளுக்குக் கிதாபு வாங்குவதற்காகச் சேர்த்த 350 ரூபாய் நம் மேசையிலிருந்து காணாமற்போனது. அன்று மக்தபில் 14 பிள்ளைகள். அவர்களில் ஒரு பத்து வயதுச் சிறுவனிடம் புதிய பென்சில் பெட்டி இருந்தது. அவன் தாயார் வீட்டில் தையல் கூலிக்குத் தைப்பவர், தந்தை இல்லை. அந்த வீட்டுப் பிள்ளையிடம் புதுப் பெட்டி எப்படி வந்தது என்று நம் மனம் கணக்குப் போட்டது. ஏழையின் கையில் புதுப் பொருளைப் பார்த்தவுடன் திருட்டு என்று எண்ணியதே முதல் பாவம், பிரம்பு இரண்டாவதுதான். எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் உள்ளங்கையில் அடித்தோம். எடுக்கவில்லை என்றான். பொய் சொல்கிறாய் என்று மறுபடியும் அடித்தோம். வாசலில் நிற்கவைத்தோம். அடுத்த வாரம் முதல் அவன் ஓத வரவில்லை. வராததையே குற்றத்தின் சாட்சியாக எடுத்துக்கொண்டோம்.

ஷஅபான் மாதத்தில், ரமளானுக்கு முன் அலமாரியைத் துடைக்கும்போது, ஒரு பழைய கிதாபின் இடையில் அந்த 350 ரூபாய் இருந்தது. நாமே வைத்திருக்கிறோம். வைத்தது நினைவுக்கும் வந்துவிட்டது.

"நாம்" என்று எழுதுவது எங்களைப் போன்றோரின் எழுத்து வழக்கம். இந்த இடத்தில் அது கூட்டத்தில் ஒளிவதாகிவிடக் கூடாது: பிரம்பைப் பிடித்த கை ஒன்றே ஒன்று, அது இதை எழுதுகிற கை.

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த ரமளானில் அழுதோம். கடைசிப் பத்தில் இஃதிகாஃப் இருந்து, ஒற்றைப்படை இரவுகளில் தேம்பித் தேம்பி இஸ்திஃபார் செய்தோம். பின்னால் நின்றவர்கள் ஹஜ்ரத்தின் பேணுதலைப் பார்த்து மெச்சினார்கள். 350 ரூபாயுடன் கையிலிருந்ததையும் சேர்த்து 1000 ரூபாயாக ஸதகா கொடுத்தோம், வேறு யாருக்கோ. அந்த வீடு மக்தபிலிருந்து நான்கு தெரு தள்ளி.

மார்க்கம் படித்தவனுக்கு ஒரு வசதி உண்டு. ஓடுவதற்கும் அவனுக்குக் கிதாபு உதவும். புறம் பேசப்பட்டவருக்கு அந்தச் செய்தி எட்டியிராவிட்டால், போய்ச் சொல்லி மனத்தை நோகடிப்பதைவிட அவருக்காக துஆச் செய்து, அவர் நன்மையைப் பேசினால் போதும் என்று கூறிய உலமாக்கள் உண்டு. அதை எடுத்து நம் மேல் போர்த்திக்கொண்டோம். எட்டாத செய்தியா இது? அடி வாங்கிய கைக்கு எட்டாததா? சில ஆண்டுகள் அந்தப் போர்வை கிழிந்தபோது, பருவமடையாத பிள்ளை தன் உரிமையை விட்டுக்கொடுத்தால் அது செல்லாது, அவன் பெரியவனாகட்டும் என்று இன்னொன்றைத் தேடிக்கொண்டோம். அவன் பெரியவனான பின்பு, மறந்திருப்பான், நினைவூட்டுவானேன் என்றோம். அதற்கும் பிறகு, உஸ்தாதின் கண்ணியம் குலைந்தால் ஊர்ப் பிள்ளைகளின் மார்க்கக் கல்வியே கெடும் என்றோம். பதின்மூன்று ஆண்டுகளுக்கு இவ்வளவும் போதுமானதாக இருந்தது.

பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்லுகிறது. 2012-இல் வந்த திருத்தம் மதரஸாக்களை அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்தது. அதைப் படித்தபோது ஒரு நிம்மதி வந்ததை மறைக்கவில்லை. ஆனால் அபூ மஸ்ஊத் அல்பத்ரீ (ரலி) அவர்களின் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறதே, அதற்கு யார் திருத்தம் கொண்டுவருவது? தம் அடிமையை அவர்கள் அடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. கோபத்தில் யாரென்று அடையாளம் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் நபி (ஸல்) அவர்கள். இவன் மீது உமக்குள்ள ஆற்றலைவிட உம்மீது அல்லாஹ்வுக்குள்ள ஆற்றல் அதிகம் என்ற கருத்தில் எச்சரிக்கிறார்கள். அந்த நிமிடமே அபூ மஸ்ஊத் அவரை விடுதலை செய்துவிடுகிறார்கள். செய்யாதிருந்தால் நெருப்பு உம்மைத் தீண்டியிருக்கும் என்று அண்ணலார் சொல்கிறார்கள். அந்தத் தோழர் தஹஜ்ஜுதுக்குக் காத்திருக்கவில்லை. அடித்த இடத்திலேயே தீர்த்தார்கள்.

இன்னொரு நபிமொழியையும் நாம் மிம்பரடியில் பலமுறை விளக்கியிருக்கிறோம். மறுமையில் ஓட்டாண்டி யார் என்பது. தொழுகையும் நோன்பும் ஸகாத்தும் கொண்டுவருவான்; ஆனால் இவரை ஏசியிருப்பான், அவர்மேல் பழி சுமத்தியிருப்பான், ஒருவரை அடித்திருப்பான். அவனுடைய நன்மைகள் எடுத்து அவர்களுக்குக் கொடுக்கப்படும். நன்மை தீர்ந்தால் அவர்களுடைய பாவங்கள் இவன்மேல் போடப்படும். கடைசிப் பத்தில் நாம் அழுத இரவுகளெல்லாம் யார் கணக்கில் வரவாகிக்கொண்டிருந்தன என்பது அண்ணாச்சி கேட்ட அன்று இரவுதான் உறைத்தது. ரக்அத்துகள் மறந்துபோய், தராவீஹில் பின்னாலிருந்து இருமுறை எடுத்துக் கொடுத்தார்கள்.

*

பெருநாளுக்கு மறுவாரம் அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்து, சகோதரி ராணி மரியாவைப் பற்றி அவர்கள் பங்கில் பேசியதைச் சொன்னார். கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த கன்னியாஸ்திரி அவர். மத்தியப் பிரதேசத்தின் உதய்நகர்ப் பகுதியில் நிலமற்ற ஏழைகளை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்க உழைத்தவர். 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்துப் பயணத்தின்போது சமந்தர் சிங் என்ற இளைஞர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். பின்னணியில் தூண்டிவிட்டவர்கள் இருந்தார்கள். ஆயுள் தண்டனை. 2002-இல் கொல்லப்பட்டவரின் தங்கை செல்மி பால், அவரும் கன்னியாஸ்திரியே, சிறைக்குச் சென்று கொலையாளியின் கையில் ராக்கி கட்டி அண்ணன் என்று அழைத்தார். விடுதலைக்கான மனுவில் குடும்பமே கையொப்பமிட்டது. 2006-இல் வெளியே வந்த அவர் மறு ஆண்டு கேரளத்திற்குப் போய், தாயாரின் முன் நின்றார். அந்தத் தாய் அவருடைய கையைப் பற்றி முத்தமிட்டார். 2017 நவம்பர் 4-இல் இந்தூரில் ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது. சமந்தர் சிங் உயிரோடிருக்கும் தங்கையையும் மறைந்தவரின் கல்லறையையும் தேடிச் செல்பவராக மாறினார்.

நம்பிக்கையில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று; அதை மழுப்பவும் வேண்டியதில்லை. பாவத்தை மன்னிக்க அல்லாஹ்வையன்றி யாருமில்லை என்பது நமது உறுதி. அவர்களுடைய குருவானவர் இறைவன் பெயரால் மன்னிப்பு வழங்குகிறார் என்பது அவர்களின் நம்பிக்கை. ஆனால் அவர்களுடைய ஞானோபதேசத்திலும் நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, அறிக்கை, அபராதத்தைத் தீர்த்தல் என்று ஐந்து சொல்கிறார்கள். இமாம் நவவீ அவர்களின் பட்டியலைத் தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஏமாற்றிச் சேர்த்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்று சொன்ன சகேயு என்கிற வரி வசூல்காரரின் கதையும் அவர்களிடம் உண்டு. அண்ணாச்சியின் சாமியார் "முதலில் கூலியைக் கொடு" என்று சொன்ன அதே சொல்லை, எந்த இடைத்தரகரும் இல்லாத நமக்கு நாமேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. இடையில் யாருமில்லை என்பது சலுகை என்று நினைத்திருந்தோம். தட்டிக் கேட்க ஆளில்லை என்றும் அதற்குப் பொருள் வந்துவிடும் போலும்.

ராணி மரியாவின் தாயாரைப் பற்றிக் கேட்டதும் நமக்கு வஹ்ஷீ (ரலி) அவர்களின் நினைவு வந்தது. உஹதில் ஹம்ஸா (ரலி) அவர்களை ஈட்டியெறிந்து கொன்றவர், பின்னர் இஸ்லாத்தை ஏற்று நபி (ஸல்) அவர்களிடம் வருகிறார். அண்ணலார் ஏற்றுக்கொண்டார்கள். பழிவாங்கவில்லை. ஆனால், இயன்றால் உம் முகம் என் கண்ணில் படாதவாறு இருந்துகொள்ளும் என்று கேட்டுக்கொண்டார்கள். அகிலத்தின் அருட்கொடைக்கே சிறிய தந்தையின் வலி அப்படியே இருந்தது. மன்னிப்பவர் கையை முத்தமிடவும் கூடும். முகத்தைப் பார்க்க முடியாமலும் போகலாம். எதையும் நிபந்தனையாக வைத்துக்கொண்டு போகக்கூடாது என்பதை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மாலை அந்த இளைஞரைத் தேடிப் போனோம்.

அவருக்கு இப்போது இருபத்து மூன்று வயது. ஒரு ரெடிமேடு கம்பெனியில் டெய்லர். சம்பள நாளாகையால் வாசலில் கூட்டம். தனியே அழைத்துச் சொல்லலாம் என்று நினைத்திருந்தோம். அடித்தது தனியே அல்லவே என்று நாக்குத் தடுமாறி நின்றோம். அவர்தான் ஸலாம் சொல்லி, பக்கத்துச் சந்தில் நிழலுக்கு அழைத்துப் போனார்.

சொன்னோம். பணம் நம் கிதாபுக்குள் இருந்ததைச் சொன்னோம். எப்போது கிடைத்தது என்பதையும் சொன்னோம். அந்தப் பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடலாமே என்று வரும் வழியெல்லாம் ஓர் எண்ணம் இருந்தது. அல்லாஹ் காப்பாற்றினான். விரும்பினால் திருப்பி அடிக்கலாம் என்று கையை நீட்டினோம். அவர் அந்தக் கையைப் பார்க்கவில்லை.

"பென்சில் பெட்டி பெரியம்மா வாங்கிக் குடுத்தது ஹஜ்ரத்" என்றார். பதின்மூன்று ஆண்டுகளாக அவர் வைத்திருந்த பதில் அது. நாம் அன்று அதைக் கேட்கவே இல்லை.

பிறகு சொன்னார்: "நான் மன்னிச்சிட்டேன். எப்பவோ விட்டுட்டேன். ஆனா அம்மாட்ட சொல்லுங்க. ஹஜ்ரத் அடிச்சாருன்னா நான் எடுத்திருப்பேன்னு அவங்களும் அன்னைக்கு அடிச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் எடுத்தேன்னுதான் நினைச்சிட்டிருக்காங்க."

அவர் நம்மிடம் வாங்கிய அடியைப் பற்றி மட்டுமே நாம் இத்தனை ஆண்டும் வருந்திக்கொண்டிருந்தோம். நம் வார்த்தையை நம்பி ஒரு தாய் தன் பிள்ளையை நம்பாமற்போனது நம் கணக்கில் எழுதப்படவே இல்லை.

அன்று மஃரிபுக்குப் பின் நம் துணைவியாரையும் அழைத்துக்கொண்டு அந்த வீட்டிற்குப் போனோம். அந்த அம்மா மெஷினில் இருந்தார். கால் பெடலிலிருந்து எடுக்காமலே கேட்டார். நாம் சொல்லி முடித்தபின் நூலைக் கத்தரித்துவிட்டு, "எந்த மாசம் கிடைச்சுது அந்தப் பணம்?" என்றார்.

"அந்த வருடமே. ஷஅபானில்."

"அப்போ அந்த நோன்புப் பெருநாளைக்கே சொல்லியிருக்கலாமே ஹஜ்ரத்."

குரல் உயரவில்லை. வேறொன்றும் சொல்லவில்லை. நம் துணைவியாருக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார், நமக்கும் வந்தது. மன்னித்தேன் என்று அன்று அவர் சொல்லவில்லை. இதை எழுதும் நாள்வரை சொல்லவில்லை. நாமும் மறுபடி கேட்கவில்லை. கேட்பது அவரை நெருக்குவதாகும். கிளம்பும்போது, உள்ளேயிருந்து வந்த மகனின் தலையில் அந்த அம்மா கையை வைத்துவிட்டு எடுத்ததைப் பார்த்தோம். அவ்வளவுதான்.

அடுத்த நாள் மக்தபில் பிள்ளைகளிடம் சொன்னோம். சிலர் சிரித்தார்கள், சிலர் பிரம்பு எங்கே என்று தேடினார்கள். அதை முன்னிரவே அடுப்பில் வைத்தாயிற்று. ஜமாஅத் தலைவரிடமும் சொன்னோம். ஹஜ்ரத், இதையெல்லாம் போய்ப் பெரிதாக்குவானேன் என்று அவர் சங்கடப்பட்டார். நம் கண்ணியத்தை எண்ணித்தான் சொன்னார். பதின்மூன்று ஆண்டுகள் நாம் நமக்குச் சொல்லிக்கொண்டதும் அதுதான்.

அன்று அந்த அறையில் இருந்த மற்றப் பதின்மூன்று பிள்ளைகளும் அவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்திருக்கிறார்கள். பெயர்களை எழுதி வைத்து ஒவ்வொருவராகச் சொல்லி வருகிறோம். தூத்துக்குடியில் கடை வைத்திருப்பவரை நேரில் பார்த்தோம். சவூதியில் இருக்கும் இருவருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினோம்; ஒருவர் அழைத்து வெகுநேரம் பேசினார், மற்றவர் கேட்டதற்கான நீலக்குறி மட்டும் வந்திருக்கிறது. பதினொரு பேருக்குச் சொல்லியாயிற்று. இன்னும் இருவர் பாக்கி. அவர்கள் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். திருப்பூர்ப் பக்கம் என்று கேள்வி. விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.